ரெக்சனைத் தோணியில் ஏற்ற வேண்டாம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
புதன்கிழமை, ஆகஸ்டு மாதக் கடைசி.

அன்பு மகன் பிரைட்டனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதாவின் தயவால் நீ அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்கென்று பத்து அருள்நிறை தனியாகச் சொல்லுகிறேன். இங்கே அப்பா சுகம், முழங்கால் வலி மட்டும் இருக்கிறது, தைலம் போடச் சொன்னால் கேட்பதில்லை. மற்றவர்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

போன் கையில் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். அப்பாவுக்குச் சங்கு குளித்து அடைத்துப்போன காது, போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் அடுத்த அறையில் இருக்கிற உன் தம்பிக்கும் கேட்கும். நான் தனியாகக் கூப்பிடலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், அழ ஆரம்பித்தால் சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லி முடிக்க மாட்டேன். வாட்சப்பில் எழுதினால் அவன் என் போனை எடுத்துப் பார்க்கிறான். நம் தெரு ஜீவமணி லீவு முடிந்து நாளை பஹ்ரைனுக்குத் திரும்புகிறான், வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மக்ரூனும் நெத்திலிக் கருவாடும் தனிப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டிருக்கிறேன், காற்றுப் புகாமல்தான் கட்டியிருக்கிறேன், இருந்தாலும் கருவாட்டைப் பிரித்து ஒருதரம் வெயிலில் காட்டி வை. அதெல்லாம் பிறகு. முதலில் இதைத் தனியாக உட்கார்ந்து கடைசிவரை படி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம், ரெக்சனுக்குச் சேர்க்கை சரியில்லை, படிப்பில் கவனமில்லை, தோணி சீசன் தொடங்கினதும் மாலத்தீவுக்கு ரெண்டு நடை அனுப்பிவிடலாமா என்று கேட்டார். நீயும் சிரித்துக்கொண்டே, அனுப்புங்கப்பா, உப்புக்காத்து பட்டா சரியாயிருவான் என்று சொன்னாய். உன்மேல் குற்றமில்லை. அப்பா உன்னிடம் பாதியைத்தான் சொன்னார், நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதி இதுதான். உன் தம்பி மாத்திரை எடுக்கிறான். வலிக்குக் கொடுக்கிற மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது, அதை எங்கிருந்தோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து பையன்களுக்கு விற்கிறார்கள். முதலில் விழுங்கியிருக்கிறான். இப்போது ஊசியில் ஏற்றுகிறான். எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் இத்தனை நாளும் தாளை மடித்து மடித்து வைத்தேன்.

பதினேழு வயதுப் பிள்ளை பிரைட்டன், இன்னும் ப்ளஸ் டூ முடிக்கவில்லை. பந்து விளையாடி முட்டியில் அடிபட்டபோது கூட ஆடுகிற பெரிய பையன் ஒருவன், இதப் போடுலே, வலி தெரியாது என்று கொடுத்தானாம். கஞ்சா என்றால் பயந்திருப்பேன், மருந்துக்கடை மாத்திரைதானே, மருந்து என்ன செய்துவிடும் என்று நினைத்தேன் என்று அவனே சொன்னான். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. உப்பும் புளியும் எவ்வளவு குறைந்தது என்று எழுதி வைக்கிறவள் நான், என் பிள்ளை கண்ணெதிரே குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு குறைந்தது, சதா மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பான், கண்மணி கடுகளவாகச் சிறுத்திருக்கும். சில நாள் கொட்டாவி விட்டு, மூக்கு ஒழுகி, காலை இழுக்கிறது என்று பாயில் புரளுவான், காய்ச்சல் வரப்போகிறது என்று சுக்குக் கசாயம் வைத்துக் கொடுப்பேன். குடித்துவிட்டு வெளியே போவான், திரும்பி வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். என் கசாயம் கேட்டது என்று நினைத்தேன். இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. மாதா கோயில் நவநாள் பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்கி எழுந்த பிறகும் இவன் மட்டும் முழங்காலில் நின்று தலையைக் கவிழ்த்தபடியே இருந்தான். இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கண்ணால் காட்டினேன், வெளியே வந்து மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன். அது செபம் இல்லையப்பா, மாத்திரை மயக்கம். என் பிள்ளை மாதாவுக்கு முன்னால் மயங்கிக் கிடந்திருக்கிறான், நான் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்று எழுதுகிறேன். பின்தெரு ஜெபசெல்வி மகன் எபனேசரை உனக்கு நினைவிருக்கும், ரெக்சனைவிட ஒரு வயது மூத்தவன், ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் பந்து ஆடுவார்கள். திருவிழா முடிந்த மறுவாரம் செத்துப்போனான். திடீரென்று நெஞ்சுவலி என்று சொன்னார்கள், ஊரே நம்பியது, நானும் நம்பினேன். ரெக்சன் அடக்கத்துக்கு வரவில்லை. கூட்டாளி கிடக்கிறான், ஒருதரம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போடா என்று கெஞ்சினேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் மட்டும் போனேன். அடக்கம் முடிந்து வந்து கூட்டம் குறைந்ததும் ஜெபசெல்வி என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அழவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, ஊருக்குத்தான் நெஞ்சுவலி. ஊசிக்கா. கோடை லீவுல கண்டுபிடிச்சி, ஏரல் பக்கம் அவன் மாமா வாழத்தோட்டத்துல கொண்டு விட்டோம். ரெண்டு மாசம் தொடல. ஒடம்பு தேறி, கன்னம் வச்சி, திருவிழாவுக்கு வந்தான். சரியாயிட்டான்னுதான் நம்பி வெளிய விட்டேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒங்க ரெக்சனும் இவனுந்தான் ஒண்ணாத் திரிஞ்சாங்க. எனக்காக அழுதது போதும், போயி அவன் கையப் பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, சட்டைக் கையை மடக்குலே என்றேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், சின்னப் பிள்ளையில் தடுப்பூசிக்குத் திருப்பிக்கொள்வானே அது மாதிரி. முழங்கை மடிப்பில் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போய், ஒரு இடத்தில் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. ஒரே ஊசியை எபனேசரும் இவனும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அடிக்க ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு வரலாம் என்று சொல்லி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பையில் இருந்த மாத்திரை அட்டையின் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், நான் சொன்ன மாதிரி எப்படி இருந்ததோ, டாக்டரம்மா சிரிக்கவில்லை, புரிந்துகொண்டார். சின்ன வயதுப் பெண்தான். அவனைத் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கவில்லை, தம்பி என்றே கூப்பிட்டார். இந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதாம், அதனால் பெரியவர்களைவிடச் சீக்கிரமாகப் பிடித்துக்கொள்ளுமாம், விடுவதும் அவ்வளவு கஷ்டமாம். திமிரினாலே செய்கிறான் என்று நினைக்காதீங்க, இது வியாதி, வைத்தியம் இருக்கிறது என்று சொன்னார். ஊசியை மாற்றிப் போட்டதால் இரத்தம் எடுத்தார்கள். எய்ட்ஸ் இல்லை, ஈரலைக் கெடுக்கிற காமாலை இல்லை, ஆனால் உடனே தெரியாமலும் இருக்கலாம், கொஞ்ச வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வாரங்களில்தான் இருக்கிறேன். பிறகு பேர் சொல்லாமல் எபனேசர் கதையைக் கேட்டேன், ரெண்டு மாசம் தொடாத பிள்ளை எப்படிச் செத்தான் என்று. தொடாததினால்தான் என்று சொன்னார். நிறுத்தி வைத்தால் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகுமாம், ஆசை மட்டும் விட்டுப்போகாதாம், திரும்பிவந்து பழைய அளவையே போட்டால் மூச்சு அடங்கிவிடுமாம், தூங்குகிற மாதிரியே போய்விடுவார்களாம். "நிறுத்துன பெறகுதாம்மா ரொம்பப் பயப்படணும்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். வார்டில் சேர்த்து, மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல இறக்கி, வெளியே வந்த பிறகும் மாசக்கணக்காக வந்து பார்க்க வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். அடுத்த நாள் பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் தோணியை ஓட்டுகிற தண்டல் ஆன்டனி மாமாவைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஏளா, ஆஸ்பத்திரிச் சீட்டுல ஒருதரம் பேரு ஏறிட்டா அப்புறம் எறங்காது. நாளைக்கு இவனுக்கு எவன் கப்பல் வேல குடுப்பான்? கடலுக்குப் போயிட்டு வந்தவன யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். கப்பல் வேலைக்கான சி.டி.சி. புத்தகம் எடுத்து இவனும் உன்னை மாதிரிக் கப்பலுக்குப் போவான் என்று அவர் கட்டி வைத்திருந்த கனவு உனக்குத் தெரியும். அந்தச் சீட்டு வெளியே போகாது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதே, அவன் தூங்கும்போது போய்ப் போர்வையை இழுத்துவிட்டு வருகிறார், நான் பார்த்தேன்.

தண்டல் மாமா வீட்டுக்கே வந்தார். ரெக்சனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னலே, கோழிக்குஞ்சு மாதிரி நிக்க. எங்கூட வா, முதல் காத்துல வாந்தியெடுப்ப பாரு, அதுலயே எல்லாம் வெளிய வந்துரும். ஒங்க அண்ணனும் சோத்துல உப்பு இல்லன்னு அழுதவன்தான், இன்னைக்குக் கப்பல இழுக்குத டக் ஓட்டுதான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். நல்ல மனிதர்தான், மனசறிந்து கெடுதல் செய்யமாட்டார். கேட்டால் நம் தெருவில் பாதிப்பேர் அதைத்தான் சொல்லுவார்கள், அடங்காத பையனைத் தோணியில் ஏற்றிவிட்டால் கடல் திருத்தி அனுப்பும் என்று.

இதில்தான் உன்னை இழுக்க வேண்டியிருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் அப்பா உன்னைக் கைகாட்டுகிறார். காலேஜுக்குப் போகாமல் ஊர் சுற்றி, போலீஸ் வரைக்கும் சண்டையை இழுத்து வந்த பிரைட்டன் தோணியில் போய்த் திருந்தவில்லையா, இவன் திருந்தமாட்டானா என்கிறார். உன்னை அனுப்பும்போது நானும் சம்மதித்தவள்தான், நீ ஆளாகி வந்ததும் உண்மைதான். ஆனால் மகனே, உனக்கு இருந்தது கொழுப்பு. வேலை அதை இறக்கியது. இவனுக்கு இருப்பது கொழுப்பில்லை, நோவு. காய்ச்சல்காரனை மூட்டை தூக்கச் சொல்வோமா? கரையைவிட்டுப் போன ரெண்டாம் நாளே இவனுக்கு உடம்பு முறுக்கும், வயிற்றால் போகும், தண்ணீர்கூட உள்ளே நிற்காது, தூக்கம் வராது, அப்படிப்பட்டவனைப் பாய்க்கயிறு இழுக்கச் சொல்லுவார்கள். நடுக்கடலில் எந்த டாக்டரைக் கூப்பிடுவார்கள்? மாலத்தீவில் இறங்கி எவனாவது எதையாவது இவன் கையில் கொடுத்துவிட்டால் அந்த ஊர்ச் சட்டம் என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. சரி, எல்லாவற்றையும் தாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள். கறுத்து, தோள் அகன்று, கன்னம் வைத்து வருவான். அப்பா ஆட்டுக்கறி எடுத்து வருவார், தெருவே மெச்சும், நானே அவனுக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்து வெளியே போய்வா என்று அனுப்புவேன். எனக்குக் கடல்கூடப் பயமில்லை பிரைட்டன், அந்த நாள்தான் பயம். ஜெபசெல்வி மகன் வாழைத்தோட்டத்திலிருந்து வந்த மாதிரித்தான் இவன் தோணியிலிருந்து வந்து இறங்குவான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ரெக்சனே போகிறேன் என்கிறான். என் காலடியில் உட்கார்ந்து, "அங்கன கெடைக்காதும்மா. இங்கன இருந்தா நான் மறுபடி போயிருவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும்" என்று சொன்னான். அதைக் கேட்டு நானே தடுமாறிவிட்டேன். டாக்டரம்மா ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், பிள்ளையே ஒரு பக்கம், ஐந்தாவதோடு நின்றவள் எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று நினைத்தேன். போகட்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நன்றாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுகூட மனம் சொன்னது, அப்படி நினைக்கச் சுகமாகவும் இருந்தது. ஜெபசெல்வியும் இப்படித்தான் ரெண்டு மாசம் சுகமாக இருந்திருப்பாள். அது நினைவு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிற மாதிரிக் கேட்கிறேன். தோணி முதலாளி தெரியாத பையனை ஏற்ற மாட்டார், பிரைட்டனே என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஏற்றிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த வார்த்தையைத்தான் உன்னிடம் கேட்பார். கொடுக்காதே. என் பேச்சு அவரிடம் எடுபடாது, உன் பேச்சு எடுபடும், நீதான் அவருக்குச் சாட்சி, அந்தச் சாட்சியே வேண்டாம் என்று சொன்னால்தான் நிற்பார். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கப்பா என்று முதலில் சொல்லிவிடு, வீட்டுக்குள் வைத்துப் பேசாதே. எனக்கு இருந்ததும் அவனுக்கு இருப்பதும் ஒன்றில்லை, அவன் வேறு நான் வேறு என்று நீயே உன் வாயால் சொல்லு. கோபப்பட்டால் படட்டும், போனை வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடு. சி.டி.சி. போனால் போகிறது, கரையில் ஆயிரம் வேலை இருக்கிறது, உயிரோடு ஒரு பிள்ளை கடையில் பொட்டலம் கட்டினாலும் எனக்குப் போதும். அவன் கேட்டு நீ அவன் போனுக்கு நேராக ஒன்றும் அனுப்பாதே, புத்தகம் வாங்க வேண்டும் என்று சொன்னாலும் சரி, என்னிடம் அனுப்பு.

நீ சொல்லி அப்பா கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, திங்கட்கிழமை காலையில் அவர் துறைமுகத்துக்குப் போன பிறகு நான் ரெக்சனை வார்டில் கொண்டு சேர்க்கப் போகிறேன். அன்றைக்குக் கட்டில் காலியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன், தாய் போட்டாலும் போதும் என்றார்கள். இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் கேட்காமல் நான் ஒரு இடத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை, உனக்குத் தெரியும். இதில் போடுவேன். சாயங்காலம் அப்பா வந்து கேட்கும்போது அவர் முன்னால் எப்படி நிற்கப் போகிறேன் என்று நினைத்தால் இப்போதே எழுத்துக் கோணுகிறது, பொறுத்துக்கொள். அன்று சாயங்காலம் உனக்கு வேலை இல்லாவிட்டால் ஒரு போன் போடு, என்னிடம் பேச வேண்டாம், அவரிடம் பேசிக்கொண்டிரு.

வெயிலில் டெக்கில் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. வெள்ளிக்கிழமைப் பூசையை விட்டுவிடாதே. பனிமய மாதா தன் போர்வைக்குள் உன்னை வைத்துக் காக்கட்டும், நீ காலையில் ஏறுகிற கப்பலிலிருந்து சாயங்காலம் முழுசாக இறங்க வேண்டும் என்று நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. திங்கட்கிழமை வார்டுக்கு வாரியா என்று நேற்று ரெக்சனிடம் கேட்டேன். வாரேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமாம்மா?" என்றுதான் கேட்டான். தெரியாது என்றேன், நேற்றுவரைக்கும் அது பொய்யில்லை. "நீங்க சொல்லிராதீங்க, நானே சொல்லிக்கிடுதேன்" என்றான். பிறகு எழுந்து போய் ரெண்டு கைலியும் ஒரு துண்டும் மடித்துப் பையில் வைத்தான். அந்தப் பை வார்டுக்கா தோணிக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனுக்கு அப்பாவிடம்கூட அவ்வளவு வெட்கமில்லை, உன்னிடம்தான். ஒரு நாள் உன்னைக் கூப்பிடுவான், எப்போது என்று தெரியாது. கூப்பிட்டால் இந்தக் கடிதத்தைப் படித்தவன் மாதிரிப் பேசிவிடாதே, முதல்தடவை கேட்கிறவன் மாதிரிக் கேள். நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவான், அவசரப்பட்டு நடுவில் எடுத்துக் கொடுக்காதே, அவனே சொல்லி முடிக்கட்டும். அம்மா இப்படிப் பொய்யாக நடிக்கச் சொல்லுகிறாளே என்று உனக்குத் தோன்றினால், அந்தப் பொய்யை என் கணக்கில் எழுதிக்கொள், ஆண்டவரிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இசபெல்லா